மச்சாளின் கிளினிக் கொப்பி

ஜூன் 4

தம்பி கத்தாரில். அவன் மனைவி, என் மச்சாள், கர்ப்பிணி. எங்களோடு இருக்கிறாள். முல்லைத்தீவு மாவட்டத்துத் துணுக்காய்ப் பக்கத்தில் பஸ்ஸை நம்பி ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போக முடியாது. ஸ்கூட்டி என்னிடம்தான் இருக்கிறது. அதனால் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் என் வேலையாகிவிட்டது.

இன்று பதின்மூன்றாவது கிழமை. கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரச மருத்துவிச்சியான குடும்பநல மாது எட்டாவது கிழமைக்குள்ளேயே வீட்டுக்கு வந்து பதிந்துவிட்டார். இந்த விஷயத்தில் எங்கள் நாட்டைக் குறை சொல்ல முடியாது. கால் சதம் வாங்காமல் வீடு தேடி வருகிறார்கள்.

இன்றுதான் கிளினிக் கொப்பியை ஒழுங்காகப் பார்த்தேன். அச்சடித்தது தமிழில் தெளிவாக இருக்கிறது. கையால் எழுதியதெல்லாம் ஆங்கிலச் சுருக்கம். 'எச்.பி. 10.2' என்ற இடத்தில் வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன?"

"சத்துக் காணாதெண்டு சொன்னவை, அக்கா."

"என்ன சத்து?"

"பின்னால கனபேர் நிண்டவை. கேக்கேல்லை."

மச்சாள் ஏ.எல். உயிரியல் படித்தவள். எச்.பி. என்று போட்டிருந்த ஹீமோகுளோபின் என்றால் என்னவென்று சோதனைத் தாளில் ஒரு பக்கம் எழுதியிருப்பாள். தன்னுடைய ஹீமோகுளோபினைப் பற்றிக் கேட்கத்தான் வாய் வரவில்லை. மாது வெளியே வந்ததும் மறித்துக் கேட்டேன். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் இரத்தசோகை, இரும்புக் குளிசையை ஒருநாளும் விடக்கூடாது, அடுத்த முறை திரும்பப் பார்ப்பார்கள். முழுவதையும் சொல்லி முடிக்க அவருக்கு ஹெல்மெட் போடும் நேரம் போதுமாக இருந்தது.

ஜூன் 19

குளிசைப் பையில் பாதி அப்படியே இருக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறதாம், பயந்துபோய் நிறுத்திவிட்டாள். இரும்பு எடுத்தால் அப்படித்தான் போகும். இந்த ஒரு வசனத்தை யாரும் அவளுக்கு முதலே சொல்லவில்லை.

போட்ட நாட்களிலும் அம்மாவின் பின்னேரத் தேத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறாள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. கல்சியமும் அப்படித்தான், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை மற்றது கெடுக்கும். இனிக் கல்சியம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்பும் விற்றமின் சியும் இரவில் தண்ணீரோடு. அம்மாவுக்கும் விளங்கப்படுத்தினேன். தேத்தண்ணி ஊற்றுவது அவர்தானே.

திரிபோஷா விஷயத்தை எழுதத்தான் வேண்டும். மச்சாளுக்கென்று வந்த அந்தச் சத்துமாப் பைக்கற்றை அம்மா சீனி, தேங்காய்ப்பூ போட்டுக் குழைத்து உருண்டை பிடித்து, வீட்டுக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தார். மச்சாளுக்கு இரண்டு உருண்டை மிஞ்சியது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவள் மட்டும் எப்படிச் சாப்பிடுவாள்? கிளினிக்கில் "நீங்கள் மட்டும் சாப்பிடவேணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்வது லேசு.

ஜூலை 11

மச்சாளின் போன் முழுக்கக் குரல் செய்திகள். பிள்ளை நிறமாகப் பிறக்கக் குங்குமப்பூ, வயிற்றின் வடிவைப் பார்த்து ஆணா பெண்ணா, அன்னாசி தொட்டாலே கலையும். எல்லாம் தமிழில், நல்ல இனிமையான குரலில், ஆறுதலாகச் சொல்லப்படுபவை. கேட்கிறவளை யாரும் அவசரப்படுத்துவதில்லை. கிளினிக் இதோடு போட்டி போட முடியாமல் நிற்கிறது.

குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தக் காசுக்கு வவுனிக்குளத்து மீன் வாங்கலாம். முருங்கையிலை வேலியிலேயே நிற்கிறது. பழுத்த பப்பாளி சாப்பிடலாம் என்று மாதுவே சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சரி, பப்பாளிக்காக ஒரு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குளிசைக்குத்தான் சண்டை பிடிக்க வேண்டும்.

செப்டெம்பர் 10

இருபத்தேழாவது கிழமை, சீனிப் பரிசோதனை. வெறுவயிற்றில் ஒரு தடவை இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பிறகும் எடுக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் வேறொன்றும் சாப்பிடக்கூடாது, அலையக்கூடாது.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை குளுக்கோஸைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்க் கடையில் பணிஸும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு வந்தாள். 'வெறுவயிறு' என்பது முதல் ஊசிக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறாள். நல்ல பேச்சு விழுந்தது. இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். புருஷன் கூலிவேலை, அன்றைய சம்பளமும் போய்விட்டது. ஏன் அப்படி இருக்க வேண்டும், குடித்த சீனியை உடம்பு எப்படிக் கையாள்கிறது என்றுதான் பார்க்கிறோம் என்பதை ஒருவர் முதலே சொல்லியிருந்தால் அவள் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டாள். கட்டளை மறந்துபோகும். காரணம் அவ்வளவு லேசில் மறக்காது.

மச்சாளுக்குச் சீனி சரி. எச்.பி. 11.1.

ஒக்டோபர் 7

பின்னேரத்திலிருந்து மச்சாளுக்குத் தலையிடி, காலையில் முகமும் அதைத்திருந்தது. அம்மா பார்லி அவிக்கத் தொடங்கினார். "நீர் உடம்பு பிள்ளை, வடிஞ்சிடும். நாங்கள் பெறேல்லையே?"

அம்மா பெற்ற கதை எனக்குத் தெரியும். 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அடுத்த வருடம் தம்பியைக் கொட்டிலுக்குள் ஒரு மருத்துவிச்சியின் கையில் பெற்றவர். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமிதம், அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் உயிர் தப்பாமல் போனவர்கள் வந்து கதை சொல்வதில்லை. அம்மாவுக்கே தம்பிக்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதை அவர் கதையில் சேர்ப்பதில்லை.

மாதுவுக்குப் போன் எடுத்தேன். கண் மங்குதா, நெஞ்சுக்குழிக்குக் கீழே நோகுதா, பிள்ளை துடிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் கொஞ்சம் மங்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். "விடியட்டும் எண்டு இருக்காதேங்கோ. இப்பவே போங்கோ." 1990 என்ற இலக்கத்தை அழைக்கத்தான் இருந்தோம். அந்த இலவச அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு அண்ணையின் ஓட்டோ வாசலிலேயே நின்றதால் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஒக்டோபர் 9

பிரசர் 138க்கு 88. சிறுநீரில் புரதம் இல்லை. மறித்துவைத்துப் பார்த்துவிட்டு இன்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

140க்கு 90 வந்தால் பிரசர் என்று கணக்கு. மச்சாள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றிருக்கிறாள். கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறாள் என்பது வீட்டில் பார்லி அவித்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்காது. ஆனால் அந்த இரவு வார்ட்டில் ஒருவர் கேட்டது: "இதுக்கெல்லாமே சாமத்தில ஓடி வாறது?" மச்சாள் தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வரும்போது ஓட்டோவில் சொன்னாள்: "இனி நல்லா வருத்தம் எண்டாத்தான் போவம், அக்கா."

எனக்கு நெஞ்சு எரிந்தது. இரவு வேலை கடினம், ஆள் பற்றாக்குறை, எல்லாம் விளங்குகிறது. ஆனாலும் மாது மாதக் கணக்காகச் சொல்லிக்கொடுத்ததை அந்த ஒரு கேள்வி அழித்துவிட்டது. வீட்டில் அம்மா வேறு: "பாத்தியே, ஒண்டுமில்லை." ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் போனோம் என்று சொன்னேன். ஓட்டோக் காசு வீண் என்றார். தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அவன் முதலில் பயந்தான், பிறகு அம்மாவோடு கனநேரம் கதைத்தான். மகன் சொன்னால் அம்மாவுக்கு ஏறும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் காரியம் நடந்தது.

ஒக்டோபர் 22

நடந்ததை மாதுவிடம் சொன்னேன். கொப்பியில் பிரசர் எழுதிய இடத்தை மச்சாளுக்குத் தொட்டுக் காட்டி, "அண்டைக்குப் போனது சரி. திரும்ப வந்தா திரும்பப் போங்கோ. ஆர் பேசினாலும் போங்கோ" என்றார். வயிற்றில் பிள்ளை அசையும் துடிப்பை எண்ணும் அட்டையையும் பார்த்தார். துடிப்பு வழமையைவிடக் குறைந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

நவம்பர் 21

மழை விட்டபாடில்லை. வாய்க்கால் ரோட்டை மேவிப் பாய்கிறது. முப்பத்தேழு கிழமை முடிந்துவிட்டது, பிள்ளை பிறக்கும் என்று சொன்ன திகதி டிசம்பர் 12. தூர இடத்துக்காரர் நோக்காடு வரும்வரை வீட்டில் இருக்காமல் முதலே வந்து வார்ட்டில் இருப்பது நல்லது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளத்தை அவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கை இப்போதே வறுத்து இடித்துப் போத்தலில் போட்டுவிட்டார்.

ஓட்டோ அண்ணையிடம் சொல்லியாயிற்று. அவர் இல்லாவிட்டால் 1990.

நாளை கிளினிக். மச்சாள் கொப்பியின் பின்னட்டைக்குள் ஒரு துண்டில் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள். இரும்புக் குளிசையைப் பிள்ளை பிறந்த பிறகும் எவ்வளவு காலம் போடுவது, காயம் சாப்பிட்டால் குளிசைக்குப் பிழையா, வார்ட்டில் அக்கா நிற்கலாமா. நான் சொன்ன ஒரு கேள்வியை, அது தனக்குத் தெரியும் என்று வெட்டிவிட்டாள்.