எல்லாருக்கும் 18

எங்கள் வார்டில் யாருடைய சார்ட்டை எடுத்தாலும் மூச்சு 18 என்றுதான் இருக்கும். வலியில் துடிப்பவருக்கும் 18, குறட்டை விட்டுத் தூங்குபவருக்கும் 18. அழுத்தம், நாடி, ஆக்சிஜன் எல்லாவற்றையும் மெஷின் சொல்லிவிடும். மூச்சை மட்டும் நெஞ்சைப் பார்த்து, வாட்சைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கை நிறைய வேலை இருக்கும்போது அந்த ஒரு நிமிடம்தான் முதலில் களவு போகும். நானும் 18 எழுதிய நர்ஸ்தான்.

பினாங்கில் தைப்பூசம் முடிந்து நான்காம் நாள். அறுபதைத் தாண்டிய ஐயா ஒருவர் வந்தார், இனிப்பு நீர்க்காரர், அதாவது நீரிழிவு உள்ளவர். இரதத்துக்கு உடைத்த தேங்காய்ச் சில்லுகள் சாலையெல்லாம் கிடக்க, தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வெறுங்காலோடு நடந்திருக்கிறார். பெருவிரலுக்கு அடியில் ஓடு கிழித்தது அவருக்கே தெரியவில்லை. இனிப்பு நீர் வருஷக்கணக்கில் இருந்தால் பாதம் மரத்துப்போகும். படுக்கை விரிப்பில் மஞ்சள் கறையைப் பார்த்து அவர் மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறார்.

மதியம் 2 மணிக்கு வார்டில் சேர்த்தோம். காய்ச்சல் 37.6, பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சு 18 என்று எழுதினேன்.

6 மணி வாக்கில் அந்த அம்மா கவுண்டருக்கு வந்தார். "மிஸ்ஸி, இவரு ஒரு மாதிரியா பேசுறாரும்மா. இரதம் எங்க வந்துடுச்சுன்னு கேக்குறாரு."

"களைப்பா இருக்கும்மா, தூங்கட்டும்" என்று வாய்வரை வந்துவிட்டது. இனிப்பு இறங்கியிருக்குமோ என்று விரலில் குத்திப் பார்த்தேன், 11.4 மில்லிமோல். இறங்கவில்லை. அப்புறம்தான் கட்டிலோரம் நின்று, அவர் சட்டையின் மூன்றாவது பொத்தான் ஏறி இறங்குவதை எண்ணினேன். 28. மேல் அழுத்தம் 94. முழங்காலைச் சுற்றித் தோல் ஊதாவும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தது.

மூச்சு 22-க்குக் குறையாமல் ஓடுவது, மேல் அழுத்தம் 100-ஐத் தாண்டாமல் கிடப்பது, நினைவு குழம்புவது: மூன்றில் இரண்டு இருந்தாலே செப்சிஸை, அதாவது தொற்றோடு போராடும் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலையை, சந்தேகிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த வரையறை சொல்கிறது. இவரிடம் மூன்றும் இருந்தன.

டாக்டர் ஓடி வந்தார். ஆண்டிபயாட்டிக் ஏறும் முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால் பாட்டிலில் கிருமி வளராமல் ஏமாற்றிவிடலாம். அதற்காக மருந்தைத் தாமதிக்கவும் கூடாது. நரம்போ அகப்படவில்லை. மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. உறுப்புகளுக்கு இரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4-ஐத் தாண்டியிருந்தது. சலைன் பை ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது.

"இரத்தத்துல விஷம் ஏறிடுச்சுங்கிறாங்களே, பாம்பு கடிச்ச மாதிரியாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா.

பாம்பு விஷம் வெளியிலிருந்து வருவது. இங்கே கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பே தன் இரத்தக் குழாய்களைக் கசியவிடுகிறது. அழுத்தம் விழ, சிறுநீரகமும் மூளையும் பட்டினி கிடக்கின்றன. "திருடன அடிக்கப் போயி உடம்பு சொந்த வீட்டையே இடிக்குதும்மா" என்றேன். பாடப் புத்தகத்தில் இப்படி இல்லை. ஆனால் அவர் தலையாட்டிவிட்டு, "அப்ப சீக்கிரம் அடிச்சிடுங்க" என்றார்.

ஐசியூவில் 6 நாள். பெருவிரல் போனது, ஆள் பிழைத்தார். கல்ச்சரில் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நம் எத்தனையோ பேர் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமி.

அன்றிரவு அவரை ஐசியூவுக்கு அனுப்பும்போது சார்ட்டைப் புரட்டினேன். 2 மணிக்கு 18, 6 மணிக்கு 28. இடையில்தான் ஏறியதா, மதியமே ஏறியிருந்ததா? டாக்டர் கேட்கவில்லை. இரண்டுக்கும் பக்கத்தில் என் கையெழுத்து.