கத்தி நோட்டு

"வேரோட புடுங்கிடாதீங்க தம்பி. ரெண்டு விரக்கடை விட்டு அறுத்தா பத்துப் பதினஞ்சு நாள்ல திரும்ப துளிர்க்கும்."

வடசென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றின் மொட்டை மாடி. இன்று காலை எனக்கு அரைக்கீரை அறுக்கச் சொல்லிக்கொடுத்த பெரியவர், முன்பு பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவராம்.

கத்தி வார்டன் அலமாரியில்தான் இருக்கும். எடுப்பவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டைப் புரட்டினேன், பக்கம் பக்கமாக அவர் பெயர்தான், முதலில் கோணல்மாணலாக, போகப்போக வரி பிசகாமல்.

2013-இல் வந்த மத்திய அரசின் நகர்ப்புற வீடற்றோர் திட்டம் ஆளுக்கு 50 சதுர அடி இடம் வேண்டும் என்றது. சரி, இடம், பாய், சாப்பாடு எல்லாம் தேவைதான். ஆனால் நாளைக்கு நீ வந்து தண்ணீர் ஊற்றாவிட்டால் வாடிப்போவேன் என்று ஒருவரை எதிர்பார்க்கிற ஒன்றை எந்த விதிமுறையில் எழுதுவது?

கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் 1990 முதல் ஹோம்லெஸ் கார்டன் புராஜெக்ட் என்றே ஒன்று நடக்கிறது. வீடில்லாதவர்கள் இயற்கை விவசாயம் கற்றுக்கொள்கிறார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. நாம் "பொழுதுபோக்கு" என்று சொல்லி ஓசியில் வேலை வாங்கிவிடுவோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம், மாடிக்கு இன்னும் தொட்டி வேண்டும். வீட்டில் காலி பெயின்ட் வாளி கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன். அடியில் ஓட்டை நாங்களே போட்டுக்கொள்வோம்.