ஏலகிரி ஏறின தெம்பு லேயில் செல்லாது

வேலூர்லேர்ந்து லடாக் கிளம்புற தம்பிங்களுக்கு: ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், லடாக்ல இருக்குற லே ஊர் 3,500. அந்த உயரத்துக்கு உடம்பு பழகலைன்னா உயர நோய் வரும். விமானத்துல போய் இறங்கினா முதல் 2 நாள் ரூம்லயே ஓய்வு. 3,000 மீட்டருக்கு மேல, ராத்திரி தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க. பகல்ல இன்னும் மேல ஏறிட்டு இறங்கி வந்து தூங்கலாம், தப்பில்ல.

தலைவலியோட குமட்டலும் வந்தா அங்கேயே நில்லுங்க. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரியா இருந்தாலும் கீழ இறக்கியாகணும். ஜிம் உடம்பெல்லாம் உயர நோய்க்குக் கணக்கே இல்ல. உயர நோயைத் தடுக்கப் போடுற டயமாக்ஸ் மாத்திரை டாக்டரைக் கேட்டுத்தான். சல்பா வகை மருந்து அலர்ஜி இருந்தா மறைக்காம சொல்லுங்க.

பிஸ்கட் கவர், வெட் வைப்ஸ் எல்லாம் உங்க பையிலயே திரும்பி வரணும். அந்தக் குளிர்ல குப்பை லேசுல மக்காது.