அம்மாயியின் பனடோல் கணக்கு

தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எதற்கெடுத்தாலும் பனடோல்தான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அம்மாயி இடுப்பு வலிக்கு இரண்டு போடுவார், தலைவலிக்கு இரண்டு, அப்புறம் தடிமனுக்கென்று (சளிக்கு) கடையில் வாங்கும் மாத்திரை வேறு, அதிலும் பனடோலில் உள்ள இதே பரசிட்டமோல் இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

வளர்ந்தவருக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. மெலிந்தவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஈரல் பெரும்பகுதியைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நாப்கி (NAPQI) என்ற நச்சாக மாற, ஈரலில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் அதை அடக்கும். மாத்திரை கூடினால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய், நச்சு ஈரல் உயிரணுவின் புரதங்களிலேயே ஒட்டிக்கொண்டு, அதற்குச் சக்தி தரும் மைட்டோகொண்ட்ரியா செயலிழந்து, உயிரணு செத்துவிடும். சாப்பிடாமல் கிடப்பவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அந்தக் கையிருப்பு ஏற்கெனவே குறைவு (சம்பள நாள் சாராயமும் மறுநாள் தலைவலியும் நம்மூரில் தெரிந்த கதைதானே).

முதல் நாள் வாந்தி தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். இந்த நச்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும், இங்கே இரவில் த்ரீவீல் கிடைப்பதே பெரும்பாடு.

அம்மாயியிடம் சொன்னேன். "எட்டுதானே, நான் ஆறுதான் போடுறேன்" என்றார், தடிமன் மாத்திரையைக் கணக்கில் சேர்க்காமல்.