டிரம்மில் கிடக்கும் இன்ஜின்

21 நவம்பர் 2024, பாம்பன்
நேற்று பெய்த மழை ராமேசுவரத்தில் 41 செ.மீ., இங்கே 28 செ.மீ. என்று செய்தியில் சொல்கிறார்கள். வீட்டுக்குள் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர். வள்ளம் மழைத்தண்ணீர் நிறைந்து, நங்கூரம் போட்ட இடத்திலேயே இன்ஜினோடு உட்கார்ந்துவிட்டது. அப்பா சாப்பிடவில்லை.

22 நவம்பர்
பக்கத்து வள்ளக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அப்பா இன்ஜினைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கை எடுத்துவிட்டு உள்ளே இருந்த உப்புத்தண்ணீரை வடித்தார். அப்புறம் மழைத்தண்ணீர் பிடித்த டிரம்மில் இன்ஜின் தலை முழுகும்படி மறுபடி இறக்கிவிட்டார். தண்ணீரில் கெட்டதை ஏன் தண்ணீரிலேயே போடுகிறீர்கள் என்று அம்மா சத்தம் போட்டாள். உப்பு ஏறிய இரும்பில் காற்றுப் பட்டால்தான் அரிப்பு வேகமாகப் பிடிக்கும், மெக்கானிக் கை வைக்கிற வரைக்கும் நல்ல தண்ணீருக்குள் கிடப்பதுதான் பத்திரம் என்றார்.

23 நவம்பர்
ஒரு கம்பெனி வேன் வந்தது. பிஸ்கட், பாய், கம்பெனி பேர் போட்ட பனியன். பேனரைக் கட்டி முடிக்கும்வரை பெண்களை வெயிலில் வரிசையாக நிற்கவைத்தார்கள். பிள்ளைகள் பிஸ்கட் தின்றார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வரிசையில் நின்ற அம்மாவின் முகம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

24 நவம்பர்
மெக்கானிக் வரவில்லை.

25 நவம்பர்
தூக்கம் இல்லை, எழுதிக்கொண்டே இருக்கிறேன். சர்ச்சிலும் ஜமாத்திலும் சோறு ஆக்கிப் போட்டார்கள், அரிசிக்கு இந்த ஊரில் குறையே வரவில்லை. இல்லாதது கார்புரேட்டரைப் பிரிக்கத் தெரிந்த கை, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற புது காயில், கேஸ்கட், ஆயில், இவற்றைக் கொண்டுவந்து சேர்க்கிற ஒரு வண்டி. இது எல்லாம் யாரிடம் இருக்கிறது? இன்ஜினைச் செய்து விற்கிற கம்பெனியிடம்தானே! 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு டைட் சோப்புத்தூள்காரர்கள் வாஷிங் மெஷின் ஏற்றிய லாரியை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பி, வீடு இழந்தவர்களின் துணியை இலவசமாகத் துவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் துணியெல்லாம் சாக்கடை நாற்றம் அடிக்கும்போது அது எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது. அமெரிக்காவில் ஆன்ஹைசர் புஷ் என்ற பீர் கம்பெனி 1988-லிருந்து பேரிடர் நேரங்களில் அதே கேனில் குடிதண்ணீர் அடைத்து அனுப்புகிறது. இவ்வளவு தூரம் போவானேன், போன வருஷம் மிக்ஜாமில் சென்னை மூழ்கியபோது மகிந்திரா மாதிரி வண்டிக் கம்பெனிகள் தண்ணீர் புகுந்த வண்டிகளைக் காசு வாங்காமல் சோதித்துக் கொடுத்தன. காருக்கு முடிந்தது வள்ளத்துக்கு ஏன் முடியாது? கார் நின்றால் ஆபீசுக்குப் பஸ்ஸில் போகலாம். இன்ஜின் நின்றால் அப்பா எதில் போவார்?

26 நவம்பர்
கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு, புயல் வருகிறதாம். அம்மாவுக்கு இதில் ஒரு ஆறுதல், எல்லாரும்தானே கரையில் என்கிறாள். டிரம் தண்ணீரை மாற்றினோம்.

27 நவம்பர்
டீலருக்கு நானே போன் செய்தேன். தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் முழுகின இன்ஜின்களையும் எழுதிக் கொடுத்தால் கம்பெனியில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். சாயங்காலம் முழுக்க அண்ணனும் நானும் வீடு வீடாகப் போய் இன்ஜின் நம்பர் எழுதினோம். சிலர் மானியம் வரப்போகிறது என்று நினைத்து ரேஷன் கார்டை நீட்டினார்கள். இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது.

29 நவம்பர்
காற்று. கரண்ட் இல்லை.

2 டிசம்பர்
புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்துவிட்டது. விழுப்புரம் தண்ணீரில் கிடக்கிறது, நிவாரண வண்டியெல்லாம் இப்போது அங்கேதான். போகட்டும், அங்கே தேவை அதிகம். டீலர் போனை எடுக்கவில்லை.

4 டிசம்பர்
வந்துவிட்டார்கள்! டெக்னீஷியன் இரண்டு பேர், ஒரு பெட்டி பார்ட்ஸ். கூலி வேண்டாம், பார்ட்ஸுக்குப் பாதி விலை போதும் என்கிறார்கள். பேனர் இல்லை. டிரம்மில் போட்டு வைத்தது யார் என்று கேட்டார் ஒருவர், அப்பா முன்னால் வந்து நின்றார். உள்ளே துரு அவ்வளவாக இல்லையாம், காயில் மட்டும் போயிருக்கிறது. எங்களுக்கு முன்னால் இன்னும் மூன்று இன்ஜின். அண்ணன் பெட்ரோல் வாங்கப் போயிருக்கிறான், அம்மா அவர்களுக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்கிறாள், மீனுக்கு எங்கே போவது என்று