வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு எழக் கூடாது

பிசியில் ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஆட கண்ட்ரோலர் வாங்குகிறவர்கள் முதலில் சண்டை போடுவது எக்ஸ்பாக்ஸ் வடிவமா, பிளேஸ்டேஷன் வடிவமா என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது ஸ்டிக் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கீழே, உள்பக்கமாக. இடம் மாறுவது இடது ஸ்டிக் மட்டும். அது நடப்பதற்கான ஸ்டிக். குறிபார்க்கும் ஸ்டிக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே எது பழக்கமோ அதையே எடுத்துக்கொண்டு, பணத்தையும் யோசனையையும் வலது கட்டைவிரலுக்குச் செலவிடுவது நல்லது.

பெரும்பாலான ஷூட்டர்களில், எக்ஸ்பாக்ஸ் பட்டன் பெயரில் சொன்னால், குதிக்க ஏ, குனிய பி, ரீலோடுக்கு எக்ஸ், துப்பாக்கி மாற்ற ஒய். நான்கு வேலையும் ஒரே கட்டைவிரல் தலையில். அந்த விரல் ஸ்டிக்கிலிருந்து எழுந்து ஏ பட்டனை அழுத்தித் திரும்பும்வரை குறி அந்தரத்தில் நிற்கும். இதைத் தவிர்க்கத்தான் சிலர் ஆள்காட்டி விரலை மேலே மடக்கி நண்டுப்பிடி போடுகிறார்கள். பலன் உண்டு. ஆனால் ட்ரிகரை (சுடும் விசையை) நடுவிரலிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் கீழே தாங்கும் விரல் ஒன்று குறைகிறது. ஒரு மணி நேரத்தில் விரல் முட்டி கடுக்கத் தொடங்கும்.

முதுகுப்பக்கம் பேக் பட்டன் உள்ள கண்ட்ரோலர் இதற்கு நேரான வழி. இரண்டு போதும். ஒன்றில் குதிப்பது, மற்றதில் குனிவது அல்லது சறுக்குவது. பெட்டியில் "நான்கு", "ஆறு" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். விண்டோஸில் பெரும்பாலான விளையாட்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட் முறையில் பட்டன்களின் பட்டியல் நிலையானது, பேக் பட்டனுக்கென்று அதில் தனி இடமே இல்லை. அதனால் அவை இருக்கிற பட்டன் ஒன்றின் நகலாகத்தான் வேலை செய்யும். ஏ பட்டனின் நகல் ஷூட்டருக்குப் போதும். ஆனால் ஆறு பட்டனில் ஆறு புதிய வேலை என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம்தான்.

பேக் பட்டன் எங்கே இருக்கிறது என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். சாதாரணமாகப் பிடித்தால் மோதிர விரலின் நுனியோ நடுவிரலின் நுனியோ அதன்மேல் தானாகப் படிய வேண்டும். பட்டன் மிக மென்மையாக இருந்தால் பதற்றத்தில் பிடி இறுகும்போது தானே அழுந்திவிடும், மறைந்து நிற்க வேண்டிய இடத்தில் துள்ளிக் குதிப்பீர்கள். பழகும்போது முதல் வாரம் குதிப்பதை மட்டும் பின்னால் மாற்றுங்கள், குனிவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாள் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள்.

புதிதாக வாங்காமலே ஓரளவு சரிக்கட்டலாம். கால் ஆஃப் டியூட்டியில் "டாக்டிகல்" அமைப்பு குனிவதை வலது ஸ்டிக்கின் அழுத்தத்துக்கு மாற்றும். "பம்பர் ஜம்பர்" குதிப்பதை இடது பம்பருக்கு, அதாவது ட்ரிகருக்கு மேலுள்ள பட்டனுக்கு, கொண்டுபோகும். முதலாவதில் ஒரு குறை: ஸ்டிக்கை அழுத்தும்போதே குறி லேசாக ஆடும்.

பிடியின் அளவைப் பார்க்கச் சின்ன சோதனை. நாற்காலியில் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் வைத்து, கண்ணை மூடி கண்ட்ரோலரைப் பிடியுங்கள். வலது கட்டைவிரல் ஸ்டிக்கின் நடுவில் விழும்போது அதன் மேல்மூட்டு லேசாக வளைந்திருக்க வேண்டும். விறைத்து நீண்டால் கண்ட்ரோலர் உங்கள் கைக்குப் பெரிது. கொக்கிபோல் மடிந்தால் சிறிது. ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகர்மேல் படிய வேண்டும், பிடியை மாற்றாமலே பம்பரையும் தொட முடிய வேண்டும். பம்பருக்காக உள்ளங்கை நழுவுகிறது என்றால் அந்த மாடல் வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி என்றாலும்.

எடையைப் பலர் கண்டுகொள்வதில்லை. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கண்ட்ரோலரும் பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸும் 280 கிராமை ஒட்டியவை. எக்ஸ்பாக்ஸின் விலை உயர்ந்த எலைட் சீரிஸ் 2 சுமார் 345 கிராம். கேம்சர் ஜி7 எஸ்இ போன்ற வயர் கண்ட்ரோலரில் பேட்டரி இல்லாததால் 220 கிராம் அளவிலேயே முடிந்துவிடுகிறது. மடியில் கை ஊன்றி ஆடுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது, கையைத் தூக்கிப் பிடிப்பவருக்கு மணிக்கட்டில் தெரியும். இன்னொன்று, ரப்பர் மாதிரி மெத்தென்று பூச்சு பூசிய பிடிகள். கடையில் தொட்டுப் பார்க்கும்போது சுகமாக இருக்கும். ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் சில வருடங்களில் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும். பிளாஸ்டிக்கிலேயே சொரசொரப்பு அச்சிட்ட பிடிதான் வியர்க்கும் கைக்கு உகந்தது.

இனி ஸ்டிக்கின் உள்ளே. பழைய வகை ஸ்டிக்கில் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும்: கார்பன் தடத்தின்மேல் ஓர் உலோக நாக்கு உரசி ஓடும். உரசல் என்றால் தேய்மானம். தடம் தேய்ந்ததும் விரலை எடுத்த பிறகும் குறி தானாக நகரும், அதுதான் டிரிஃப்ட். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கிலும் டிஎம்ஆர் ஸ்டிக்கிலும் காந்தத்தின் நிலையைச் சென்சார் தொடாமல் படிப்பதால் அந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் "இனி டிரிஃப்டே வராது" என்ற விளம்பரத்தைப் பாதிதான் நம்பலாம். ஸ்டிக்கை நடுவுக்குத் திருப்பும் சுருள்வில் தளரும், அப்போது ஸ்டிக் சரியான நடுவில் நிற்காது. காந்தத்தால் அதைச் சரிசெய்ய முடியாது. விலை உயர்ந்தது என்பதால் ஹால் எஃபெக்ட் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எலைட் சீரிஸ் 2-இல் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்தான். டூயல்சென்ஸின் விலை உயர்ந்த வடிவமான டூயல்சென்ஸ் எட்ஜிலும் அப்படியே, ஆனால் அதில் ஸ்டிக் பகுதியை மட்டும் கழற்றிப் புதிதாக மாட்டலாம்.

ஷூட்டருக்கு இதனால் என்ன? டெட்ஸோன்: ஸ்டிக்கைத் தள்ளியும் விளையாட்டு கண்டுகொள்ளாத நடுப்பகுதி. எக்ஸ்இன்புட்டில் ஸ்டிக் நடுவிலிருந்து ஒரு பக்கம் 32,767 வரை எண் தரும். மைக்ரோசாஃப்ட் கொடுத்த இயல்பு டெட்ஸோன் வலது ஸ்டிக்குக்கு 8,689, இடதுக்கு 7,849. அதாவது வலது ஸ்டிக்கின் பயணத்தில் கால் பங்குக்கு மேல் செத்த பகுதி. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துக் கணக்கு அது. தூரத்தில் நிற்பவன் தலைக்குக் குறியை மயிரிழை நகர்த்த வேண்டியது அந்தக் கால் பங்குக்குள்தான். நடு பிசகாத ஸ்டிக் என்றால் இதை 3 முதல் 5 சதவீதம்வரை இறக்கிவிடலாம். செய்முறை எளிது: விளையாட்டின் அமைப்பில் உள் டெட்ஸோனை 0 ஆக்குங்கள். ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் தள்ளி மெல்ல விடுங்கள், சுண்டி விடக் கூடாது. குறி நகர்ந்தால் ஒரு எண் கூட்டி மறுபடி. எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து அசையாமல் நின்ற எண்ணோடு இன்னும் ஒன்று சேர்த்து விட்டுவிடுங்கள்.

உயரமான ஸ்டிக் தொப்பி விலைக்கு மீறிய பலன் தரும் பொருள். ஸ்டிக் உயர்ந்தால் அதே கோணத்துக்கு விரல் அதிக தூரம் நகர வேண்டும், அதனால் சின்னத் திருத்தங்கள் எளிதாகும். வலப்பக்கம் மட்டும் போட்டால் போதும். கட்டைவிரல் ஏற்கெனவே கொக்கியாக மடிபவர்களுக்கு இது நன்றாக உதவும், விறைத்து நீள்பவர்களுக்கு எட்டாமல் போகும்.

ட்ரிகரில் ஷூட்டருக்கு வேண்டியது குறைந்த பயணம். நீண்டு அழுந்தும் அனலாக் ட்ரிகர் கார் ஓட்டத்தான். பின்னால் ஒரு பூட்டு இருந்து பயணத்தைக் குறைத்தால் விரல் களைக்காது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பூட்டுப் போட்ட ட்ரிகர் 255 என்ற முழு எண்ணை எட்டாமல் பாதியில் நிற்கலாம். விளையாட்டில் ட்ரிகர் டெட்ஸோன் அதிகமாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் துப்பாக்கி சுடாது. "கண்ட்ரோலர் போச்சு" என்று திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைக் குறைத்துப் பாருங்கள். டூயல்சென்ஸ் என்றால் அடாப்டிவ் ட்ரிகரை (விளையாட்டுக்கேற்ப விசையை இறுக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். கதை ஆடும்போது அழகு, போட்டியில் சுமை.

இணைப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வயர், அல்லது பெட்டியோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்). ப்ளூடூத் கடைசி. 125 ஹெர்ட்ஸில் 8 மில்லிவினாடிக்கு ஒரு முறை செய்தி வரும், 1,000 ஹெர்ட்ஸில் 1 மில்லிவினாடி. கையில் உணர்வது அந்த எண்ணைவிட அது சீராக வருகிறதா என்பதைத்தான். டாங்கிளை யூஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு நடுவே செருகினால் அவற்றின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும், பட்டன் விட்டு விட்டு வேலை செய்யும். ஒரு சின்ன நீட்டிப்பு வயர் போட்டு மேசைமேல் கொண்டுவந்தால் பெரும்பாலும் தீரும்.

கண்ட்ரோலரைச் சாய்த்தே குறிபார்க்க உதவும் ஜைரோ சென்சார் மேல் ஆசை இருந்தால் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடும், அதில் ஜைரோ இல்லை. டூயல்சென்ஸில் உண்டு. ஸ்டீம் செயலியின் கண்ட்ரோலர் அமைப்பான ஸ்டீம் இன்புட்டில் ஜைரோவை மவுஸாக மாற்றி, இடது ட்ரிகரை லேசாக அழுத்தும்போது மட்டும் இயங்குமாறு வைத்தால் ஸ்டிக்கால் பெரிய திருப்பம், மணிக்கட்டால் சின்னத் திருத்தம் என்று பிரித்துக்கொள்ளலாம். கண்ட்ரோலரையும் மவுஸையும் ஒரே நேரத்தில் ஏற்காத விளையாட்டில் திரையின் பட்டன் படங்கள் மாறி மாறித் துடிக்கும், ஆட்டமும் தடுக்கும். மவுஸாக மாறும் அசைவுக்கு எய்ம் அசிஸ்ட் (கண்ட்ரோலருக்கு விளையாட்டு தரும் குறி உதவி) கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர் வைத்திருப்பவர்களை அதிகம் படுத்துவது இரட்டை உள்ளீடு. பிளேஸ்டேஷன் கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலராகக் காட்டும் டிஎஸ்4விண்டோஸ் மென்பொருளும் ஸ்டீம் இன்புட்டும் சேர்ந்து ஓடினால் விளையாட்டுக்கு இரண்டு கண்ட்ரோலர் தெரியும். ஒரு அழுத்தம் இரண்டாகும், மெனு இரண்டு படி தாவும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் அந்த விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், கண்ட்ரோலர் பகுதியில் ஸ்டீம் இன்புட்டை அணைக்கலாம்.

வாங்கும் முன் விளையாட்டையும் பாருங்கள். வாலரண்ட் பிசியில் கண்ட்ரோலரை ஏற்பதில்லை. ஏபெக்ஸ், ஃபோர்ட்நைட், வார்சோன் மூன்றும் ஏற்கும், எய்ம் அசிஸ்டும் உண்டு. கண்ட்ரோலருக்கும் கணினிக்கும் நடுவே நின்று உள்ளீட்டை மாற்றும் க்ரோனஸ் ஜென் மாதிரி இடைக்கருவியைச் செருகினால் கால் ஆஃப் டியூட்டியில் கணக்கே பறிபோகலாம்.

பெட்டி வந்த அன்றே, திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், பிரவுசரில் ஒரு கேம்பேட் சோதனைப் பக்கத்தைத் திறந்து வலது ஸ்டிக்கை விளிம்போடு பத்துச் சுற்று சுற்றுங்கள். மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் எண் 1-ஐயோ -1-ஐயோ தொட வேண்டும். ஒரு பக்கத்தில் 0.9-லேயே நின்றால் அந்தப் பக்கம் திரும்புவது மெதுவாக இருக்கும், வெளி டெட்ஸோனை (விளிம்புக்கு முன்பே முழுத் தள்ளலாக எண்ணும் பகுதியை) கூட்டி அதை மறைக்கலாம். விட்ட பிறகு நடுவில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டினால் மறைக்க வழியில்லை, மாற்றிக் கேளுங்கள்.