கப்பல் பட்டியலிலிருந்து சொந்த ஊருக்கு

ஜனவரி 8
18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரின் ஊரைத் தேடுவோர் ஜெர்மனியில் தொடங்கக் கூடாது. 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். அந்தக் கையெழுத்துத் தாள்களில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் அவை பொக்கிஷம். கேப்டனின் பட்டியலில் இருப்பது ஆங்கிலக் காதில் விழுந்த பெயர். கையெழுத்தோ குடியேறியவர் தன் கையாலேயே எழுதியது. எழுதத் தெரியாதவர் போட்ட குறிக்குப் பக்கத்தில் குமாஸ்தா எழுதிய பெயரை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

ஜனவரி 11
அடுத்தது அமெரிக்கத் தேவாலயப் பதிவேடு. அங்கே பிள்ளையின் ஞானஸ்நானத்தில் உடன் நின்ற ஞானப்பெற்றோர் யார் என்று பாருங்கள். பழைய ஊர்க்காரர்களாகவோ உறவினராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மியூலர் என்ற மிகச் சாதாரணமான பெயரை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைவது வீண். அதே கப்பலில் வந்து, பக்கத்து நிலம் வாங்கி, பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நின்றவரின் பெயர் அபூர்வமானதா? முதலில் அவருடைய ஊரைக் கண்டுபிடியுங்கள்.

ஜனவரி 15
பிறந்த ஊர் வேறு, பூர்வீகம் வேறு. 1710இல் நியூயார்க் வந்த கான்ராட் வைசர் நல்ல உதாரணம். அவர் 1696இல் பிறந்தது ஹெரன்பெர்க் அருகே அஃப்ஸ்டெட்டில். ஞானஸ்நானம் பக்கத்துக் குப்பிங்கனில். குடும்பத்தின் பூர்வீகமோ பாக்னாங் பக்கத்துக் குரோஸாஸ்பாக். தந்தை படைவீரர் என்பதால் பிள்ளை வேறிடத்தில் பிறந்தது. ஊரில் தேவாலயம் இல்லையென்றால் பதிவு அடுத்த ஊர்த் தேவாலயத்தில்தான் கிடைக்கும்.

ஜனவரி 19
ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் தேவாலயப் பதிவேடுகளுக்கு ஆர்கியான் தளம், கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா தளம். இரண்டும் இணையத்தில் உள்ளன. ‘யோஹான்’ என்ற பொதுவான முன்பெயரை விட்டுவிட்டு, ஆளை அழைத்த பெயரைத் தேடுங்கள். பெண்களின் குடும்பப்பெயரோடு ‘இன்’ விகுதி சேர்ந்திருக்கும். P-யும் Pf-உம், T-யும் D-யும் பேச்சுவழக்கில் இடம் மாறும்.

ஞானஸ்நானப் பதிவில் பெயர் கிடைத்ததும் அடக்கப் பதிவைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் குழந்தை மூன்று வயதிலேயே இறந்து, அதே பெயர் தம்பிக்கு வைக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் தேடுபவர் கப்பலேறிய பின்னும் அந்தப் பெயருள்ளவருக்கு அந்த ஊரில் பிள்ளைகள் பிறந்திருந்தால் ஆள் வேறு. மனைவி பெயரும் மூத்த பிள்ளைகளின் பிறந்த தேதிகளும் இருபுறமும் பொருந்த வேண்டும். ஆங்கிலக் குடியேற்றங்களில் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி இருந்தது. 11 நாள் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம்.

ஜனவரி 22
பண்ணையடிமைகள் கட்டணம் செலுத்தி விடுதலை பெற்றுத்தான் முறைப்படி வெளியேற முடிந்தது. அந்தப் பதிவுகளில் ஊரும் சில வேளை போகுமிடமும் இருக்கும். பாடன், பாலடைன் பகுதிகளுக்குக் கார்ல்ஸ்ரூஹ மாநில ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். சொல்லாமல் கிளம்பியவர்களை அந்த விடுதலைப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. ஊரில் விட்டுப்போன சொத்துப் பங்கீட்டுத் தாள்களில்தான் பார்க்க வேண்டும்.